‘பரவாயில்லை’ என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த ஒரு சின்ன ஆய்வு 1982இல் அச்சில் வந்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த 75 பேரை எடுத்துக்கொண்டு, சிகிச்சைக்குப் பிறகு இவர்கள் வாழ்க்கை மேம்பட்டிருக்கிறதா என்று மூன்று தரப்பிடம் கேட்டார்கள். மருத்துவர்கள் 75 பேருமே மேம்பட்டிருக்கிறார்கள் என்றார்கள். நோயாளிகளைக் கேட்டால் 36 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலோருக்கு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு முன்பைவிட மோசம். வீட்டில் கூட இருப்பவர்களைக் கேட்டபோதுதான் விவகாரம் வெளியே வந்தது. ஒரே ஒருவரைத் தவிர மற்ற 74 பேரும் மோசமாகிவிட்டார்கள் என்றார்கள் வீட்டார்.

மருத்துவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது பாதரசம் எங்கே நிற்கிறது என்பதை. அது இறங்கியிருந்தது, நோயாளியும் வந்து புகார் ஏதும் சொல்லவில்லை. வீட்டார் பார்த்தது வேறு. சதா நோயைப் பற்றியே நினைப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல், சோர்வு, உடலுறவில் நாட்டமின்மை. ‘மனுஷன் முன்ன மாதிரி இல்லை’ என்று நாம் சொல்வோமே, அது.

இந்த 75 பேரை நான் இங்கே இழுத்துவருவதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளிக்குத் தன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை நோயாளியிடமே கேட்டு எண்ணாக மாற்றும் ஒரு பெரிய தொழில்நுட்பம் கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் வளர்ந்து நிற்கிறது. ‘வாழ்க்கைத்தர அளவீடு’ என்று அதற்குப் பெயர். (தமிழில் இந்தச் சொல்லிலேயே ஒரு குழப்பம். பொருளாதாரப் பாடப்புத்தகம் வருமானத்தையும் வசதியையும் ‘வாழ்க்கைத் தரம்’ என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.) மருத்துவ அதிகாரத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் பலர் இதை ஒரு வெற்றியாகவே பார்க்கிறார்கள். கடைசியில் நோயாளியைப் பேசவிட்டார்களே என்று. பேசவிட்டார்கள் என்பது உண்மைதான். பேசிய சொல் பிறகு யார் கைக்குப் போனது, எந்த மேசையில் எதற்காகக் கூட்டிக் கழிக்கப்பட்டது என்கிற வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வெற்றி அவ்வளவு சுலபமானதாகத் தெரியவில்லை.

ஃபூக்கோவின் ‘மருத்துவமனையின் பிறப்பு’ 1963இல் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவர் கேட்கும் கேள்வியே மாறிப்போனது என்பது அந்த நூலில் அதிகம் பேசப்பட்ட வாதம். உனக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தவர், எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். நோயாளியின் கதை பின்னால் போய், உடம்புக்குள் ஓர் இடம் முன்னால் வந்தது. நம்மூர் மருத்துவர் இன்றைக்கும் ‘என்ன செய்யுது?’ என்றுதான் ஆரம்பிக்கிறார். எது செய்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுகிற கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு முழுக் கதையைச் சொல்லலாம், சொல்கிறார்கள். மூன்று நிமிடத்தில் சீட்டைக் கையில் கொடுத்து எழுப்பிவிடுவது வேறு விஷயம். இந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டு மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தது. எவ்வளவு?

*

1948இல் அமெரிக்காவில் டேவிட் கர்னோஃப்ஸ்கியும் சக மருத்துவர்களும் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை எழுதினார்கள். இந்த மருந்தின் பூர்வீகம் போர்க்களம். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற மஸ்டர்ட் வாயுவின் நெருங்கிய உறவு. இரண்டாம் உலகப்போரின்போது யேல் பல்கலைக்கழகத்தில் ரகசியமாகச் சோதித்து, போர் முடிந்து 1946இல்தான் வெளியே சொன்னார்கள். மருந்தோ விஷம். நோய் குணமாகப் போவதில்லை. அப்படியானால் இதைக் கொடுத்ததால் நோயாளிக்கு ஏதாவது லாபம் உண்டா என்பதை எப்படிச் சொல்வது? இந்த இக்கட்டில்தான் அந்த அளவுகோல் பிறந்தது.

அவர்கள் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. நோயாளி தானே உணரும் முன்னேற்றம் ஒன்று, சோதனையில் தெரியும் முன்னேற்றம் ஒன்று, நோய் அடங்கியிருந்த காலம் ஒன்று, செயல்திறன் ஒன்று என்று தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். மனநிலை, பசி, வலி, ‘தேவலாம்’ என்கிற உணர்வு எல்லாம் முதலாவதில் அடங்கும். ஆனால் கடைசியில் சொன்ன செயல்திறனுக்கு மட்டும்தான் 100 முதல் 0 வரை எண் கொடுத்தார்கள். எண் இருந்தது தங்கிவிட்டது. எண் இல்லாதது எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் புற்றுநோய் மருத்துவர்கள் ‘கர்னோஃப்ஸ்கி 70’, ‘கர்னோஃப்ஸ்கி 50’ என்று பேசுகிறார்கள். அந்த எண்ணைப் போடுவது மருத்துவர். நோயாளிக்கு அதில் வேலை இல்லை.

அந்த ஏணியின் படிகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். 100 என்றால் ஒரு குறையும் இல்லை. 70 என்றால் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வேலைக்குப் போக முடியாது. 50க்கு வந்தால் கணிசமான உதவி வேண்டும். 30இல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 0 மரணம். அதாவது மேல் பாதியில் அளக்கப்படுவது உழைக்கும் திறன். கீழ்ப் பாதியில் அளக்கப்படுவது மற்றவர்கள் தலையில் விழும் சுமை. ஒரு மனிதருக்குத் தன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பது இரண்டு பாதியிலும் இல்லை. உழைப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிற வெப்பமானி இது என்று ஒரு பழைய மார்க்சியர் சொன்னால் எனக்கு மறுக்கத் தோன்றாது. அதே 1948 ஏப்ரலில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆரோக்கியம் என்பது நோய் இல்லாத நிலை மட்டுமல்ல, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நலம் என்று அது பிரகடனம் செய்தது. பிரகடனம் ஜெனீவாவில் இருந்தது. வார்டில் இருந்தது கர்னோஃப்ஸ்கி.

ஏணி என்றதும் ஹாட்லி கான்ட்ரில் ஞாபகம் வருகிறார். இவர் மருத்துவர் அல்ல, மக்கள் கருத்தை ஆய்வு செய்தவர். 1965இல் வெளிவந்த தம் நூலுக்காக இந்தியா உட்படப் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஓர் ஏணிப் படத்தைக் காட்டினார். உச்சியில் 10, அடியில் 0, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். நாம் கவனிக்க வேண்டியது அதற்கு முன்னால் அவர் கேட்டதை. உங்களுக்கு மிக நல்ல வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும், மிக மோசமான வாழ்க்கை என்றால் எப்படி இருக்கும், உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள் என்று கேட்டு, எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகே படியைக் காட்டச் சொன்னார். ஏணியின் இரண்டு முனையையும் பதில் சொல்கிறவரே நட்டுக்கொள்கிறார். பின்னாளில் கேலப் நிறுவனம் இந்த ஏணியை உலகம் முழுக்க எடுத்துப்போனது. 2012 முதல் வருகிற உலக மகிழ்ச்சி அறிக்கை அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் அங்கே முனைகளை விவரிக்கச் சொல்லும் பகுதி கிடையாது. படி எண் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. எழுதிக்கொள்ள நேரமாகும், செலவாகும்.

எண்பதுகளில் நோயாளியின் திருப்தி திடீரென்று எல்லோருக்கும் வேண்டிய பொருளாகிறது. காரணங்கள் பல. அதில் ஒன்று கடைத்தெருவிலிருந்து வந்தது. 1983இல் பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையை எப்படி நிர்வகிப்பது என்று யோசனை சொல்ல தாட்சர் அரசு ஒருவரை நியமித்தது. அவர் ராய் கிரிஃபித்ஸ், செய்ன்ஸ்பரி என்ற பலசரக்குப் பேரங்காடி நிறுவனத்தின் உயர் நிர்வாகி. பயன்படுத்துகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டறியுங்கள் என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. கேட்கவே கூடாது என்று யார் சொல்வார்கள்? ஆனால் கேட்கப்படும்போது அவர் நோயாளி அல்ல, வாடிக்கையாளர். நம் நாட்டில் 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதிலும் எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற மருத்துவமனைகளுக்கு விலக்கு. காசு கொடுத்தவருக்கு அதிருப்தி அடையும் உரிமை உண்டு. பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கு அந்தச் சட்டத்தில் அது இல்லை.

இன்னொரு காரணம் மருந்துக் கம்பெனி. முதலில் சொன்ன நியூகாசில் ஆய்வு வந்து நான்கு வருடத்தில், 1986இல், அமெரிக்காவில் 626 ஆண்களிடம் மூன்று இரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. அழுத்தத்தைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, வாழ்க்கைத்தரத்தில் கேப்டோபிரில் மேல் என்று முடிவு. ஆய்வுக்குப் பணம் தந்தது கேப்டோபிரிலைச் செய்து விற்ற ஸ்க்விப். முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. நியூகாசிலில் வீட்டார் பட்ட பாட்டுக்கு அது ஒரு வகையில் நியாயமும் செய்தது. ஆனால் எரிச்சலும் சோர்வும் உடலுறவும், அதுவரை ‘அளக்க முடியாத’ சமாச்சாரங்களாக இருந்தவை, அளக்கப்பட்ட உடனேயே ஒரு மாத்திரையை இன்னொரு மாத்திரைக்கு மேலே விற்க உதவின என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வாழ்க்கைத்தர வினாத்தாள்களே சொத்தாகிவிட்டன. மிகப் பிரபலமான 36 கேள்விப் பட்டியல் ஒன்றின் ஒரு வடிவத்தை உரிமக் கட்டணம் கட்டித்தான் பயன்படுத்த முடியும்.

*

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பொருளாதார அறிஞர்கள் உள்ளே வந்த கதைதான் பெரியது.

1978இல் ரேச்சல் ரோஸர் என்ற மனநல மருத்துவரும் பால் கைண்ட் என்பவரும் ஓர் அட்டவணை போட்டார்கள். ஒரு பக்கம் முடங்கிப்போகும் அளவு, எட்டுப் படி. இன்னொரு பக்கம் மனத் துயரம், நான்கு படி. ஆக மொத்தம் 29 நிலைகள் (நினைவிழந்தவருக்குத் துயரம் கேட்க முடியாது, அதனால் மூன்று குறைந்தது). நோயாளிகள், செவிலியர், மருத்துவர், நலமாக இருப்பவர்கள் என்று 70 பேரிடம் காட்டி ஒவ்வொரு நிலையும் எவ்வளவு மோசம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். முழு நலம் 1, மரணம் 0 என்று வைத்துக் கணக்கிட்டதில் சில நிலைகள் பூஜ்யத்துக்கும் கீழே போயின. படுத்த படுக்கையாகக் கடும் துயரத்தோடு இருப்பதற்கு வந்த எண் –1.486. அதாவது செத்துப்போவதைவிட மோசம். நம் ஊரிலும் ‘இதுக்குப் போய்ச் சேர்றதே மேல்’ என்று சொல்லுவார்கள். சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். அந்தச் சொல்லை ஒருவர் மூன்று தசம இடம் வரை துல்லியமாக எழுதி வைத்துக்கொள்வார் என்று சொன்னவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இந்த எண்களை எடுத்து 1985இல் யார்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆலன் வில்லியம்ஸ், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்குச் செலவழிப்பது தகுமா என்று கணக்குப் போட்டார். கணக்கின் அலகு ‘குவாலி’. தரத்தால் பெருக்கிய ஆயுள் ஆண்டு. முழு நலத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்தால் ஒரு குவாலி. 0.5 மதிப்புள்ள நிலையில் இரண்டு ஆண்டு வாழ்ந்தாலும் அதே ஒரு குவாலிதான். எந்தச் சிகிச்சை ஒரு குவாலியைக் குறைந்த விலைக்குத் தருகிறதோ அதற்கு முன்னுரிமை. வில்லியம்ஸ் கெட்டவர் அல்ல. பணம் உள்ளவனும் சத்தம் போடுகிறவனும் சிகிச்சையைத் தட்டிக்கொண்டு போவதைவிட எல்லோருக்கும் ஒரே கோல் என்பது ஒரு சமத்துவம்தானே என்பது அவர் வாதம். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமும் அல்ல. பிரிட்டனில் 1999இல் அமைக்கப்பட்ட நைஸ் என்கிற அமைப்பு, ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற வரம்பை நீண்ட காலம் கையில் வைத்துக்கொண்டு எந்த மருந்தை அரசு வாங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

எல்லோருக்கும் ஒரே கோல் என்பது எங்கே போய் முட்டும் என்பதற்கு ஆரிகன் சாட்சி. அமெரிக்காவின் அந்த மாநிலம் 1987இல் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பணம் தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயதுப் பையன் ஒருவன் சிகிச்சைக்கான பணம் திரண்டு முடிவதற்குள் இறந்துபோனான். பெரும் கொந்தளிப்பு. சரி, அறிவியல்பூர்வமாக முடிவு செய்வோம் என்று கிளம்பினார்கள். 1,001 பேரிடம் தொலைபேசியில் கேட்டு எந்தெந்த நோய்நிலை எவ்வளவு மோசம் என்று எண் வாங்கி, செலவால் வகுத்து, 1990இல் ஒரு முன்னுரிமைப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் பல்லுக்கு உறை போடுவது, கருக்குழாயில் கரு தங்கிய பெண்ணுக்குச் செய்யும் அறுவைக்கு மேலே இருந்தது. ஒன்றைச் செய்யாவிட்டால் பல் வலிக்கும், இன்னொன்றைச் செய்யாவிட்டால் பெண் சாவாள். கணக்கில் தப்பு இல்லை, பல் உறை மலிவு. ஊர் சிரித்தது. பட்டியலைக் கையால் திருத்தினார்கள், 709 வரிகள் ஆக்கி 587இல் கோடு கிழித்தார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பதற்கு அரசுப் பணம் கிடையாது.

1992 ஆகஸ்டில் மத்திய அரசு இத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. பல் உறை காரணம் அல்ல. தொலைபேசியில் பதில் சொன்ன நலமானவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், அந்தக் கற்பனையை வைத்து மாற்றுத்திறனாளிகளின் சிகிச்சையைக் கீழே தள்ளுவது 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்துக்கு விரோதம் என்பதே காரணம். (திருத்திய வடிவத்துக்கு 1993 மார்ச்சில் அனுமதி கிடைத்தது.) அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது மாற்றுத்திறனாளிகளின் போராட்டம், 1990 மார்ச்சில் வாஷிங்டனில் அவர்கள் நாற்காலியையும் ஊன்றுகோலையும் விட்டுவிட்டு நாடாளுமன்றப் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். குவாலிக்கு எதிராக இதுவரை நின்றவர்களில் மிகவும் உறுதியானவர்கள் அவர்கள்தான், தத்துவ ஆசிரியர்கள் அல்ல. கணக்கின்படி, முடக்கத்தோடு வாழ்கிற ஒருவரின் உயிரைக் காப்பாற்றினால் கிடைக்கிற குவாலி குறைவு, ஏனென்றால் அவர் ஆண்டு ஒவ்வொன்றும் ஏற்கெனவே 1க்குக் கீழே. சாவிலும் சமம் இல்லை என்று ஆகிறது.

இவர்களிடமே கேட்டால்? 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இருவர் மாற்றுத்திறனாளிகள் 153 பேரோடு நேரில் பேசிய ஆய்வை வெளியிட்டார்கள். நடுத்தர அளவிலிருந்து கடுமையானது வரை ஊனம் உள்ளவர்களில் 54.3 சதம் பேர் தங்கள் வாழ்க்கைத்தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருந்ததால் ‘ஊனத்தின் முரண்’ என்று பெயர் வைத்தார்கள். எது முரண், யாருக்கு முரண் என்று கேட்கலாம்.

*

அப்படியானால் ‘நோயாளி சொல்வதே உண்மை’ என்று முடித்துவிட்டு எழுந்துவிடலாமா? முடியாது. இந்த இடத்தில்தான் அமர்த்தியா சென் குறுக்கே வருகிறார்.

1944இல், வங்காளப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, கல்கத்தா பக்கத்தில் சிங்கூரில் அரசின் சுகாதார நிறுவனம் ஒன்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2006இல் கார் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்த சண்டையில் நாம் கேள்விப்பட்ட அதே சிங்கூர். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதம் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதம். ‘சுமார்’ என்பதை மட்டும் தனியே எடுத்தால் ஆண்கள் 45.6 சதம். பெண்கள் ஒருவர்கூட இல்லை. வங்காளத்து விதவை, ஒருவேளைச் சாப்பாட்டிலும் விரதத்திலும் கழித்தவள், பஞ்சத்தைக் கடந்து வந்தவள், ஆணைவிட ஆரோக்கியமாக இருந்தாள் என்று யாராவது நம்புவார்களா? தன் உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அது சுமாராக இருக்கலாம், அதை ஒரு கணக்கெடுப்பாளரிடம் சொல்லலாம் என்பதற்கே ஒரு தன்னிலை வேண்டும். அந்தத் தன்னிலை அவளுக்கு அனுமதிக்கப்படவில்லை. சென் 2002இல் இன்னோர் உதாரணமும் தந்தார். இந்தியாவிலேயே அதிக ஆயுள் உள்ள கேரளத்தில்தான் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் சொல்பவர்கள் மிகக் குறைவு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடைத்த இடத்தில் மக்கள் புகார் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். கிடைக்காத இடத்தில் எல்லாம் ‘திருப்தி’.

மாற்றுத்திறனாளியின் ‘நன்று’ என்ற பதிலையும் சிங்கூர் விதவையின் மௌனத்தையும் எண் வேறுபடுத்திக் காட்டாது. இரண்டும் தாளில் ஒரே மாதிரிதான் விழும். முன்னதை நாம் நம்ப வேண்டும், பின்னதை நம்பக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணம் அந்த எண்ணுக்குள் இல்லை. ஒருவர் இயக்கமாகத் திரண்டு, தனக்கு என்ன வேண்டும் என்று பேசிப் பழகிய பிறகு வருகிற பதில். இன்னொருவர் கேட்க ஆளே இல்லாத இடத்திலிருந்து வருகிற பதில். இந்த வேறுபாடு வரலாற்றில் இருக்கிறது, வினாத்தாளில் இல்லை. கிராமத்துக்குக் கேள்வித்தாளோடு போகிற நம் நண்பர்களுக்கு இது தெரியாதது அல்ல. அறிக்கை எழுதும்போது மட்டும் மறந்துபோகிறது.

தமிழுக்கும் இந்த வரலாற்றில் நேரடியான ஓர் இடம் உண்டு. 1991இல் உலக சுகாதார நிறுவனம் தனக்கென்று ஒரு வாழ்க்கைத்தர வினாப்பட்டியல் தயாரிக்கத் தொடங்கியது. பாரிஸ், டோக்கியோ, ஹராரே, பாங்காக், சியாட்டில் என்று பதினைந்து மையங்கள். அவற்றில் டெல்லியும் ஒன்று, அப்போது மெட்ராஸ் என்றே பெயரிருந்த சென்னையும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதி ஊருக்கு ஊர் மொழிபெயர்த்துத் தள்ளுகிற வழக்கத்தை இவர்கள் பின்பற்றவில்லை. ஒவ்வொரு மையத்திலும் நோயாளிகளையும் நலமானவர்களையும் உட்காரவைத்துப் பேசி, கேள்விகளை அந்தந்த மொழியிலேயே எழுதி, பிறகு ஒன்றாகக் கொட்டிச் சலித்தார்கள். 236 கேள்விகளாக்கிச் சோதித்து, 100 ஆக்கி, 1998இல் 26 ஆக்கினார்கள். சலித்ததில் ஆறு தலைப்புகள் நான்காயின. மதமும் ஆன்மிகமும் தனித் தலைப்பாக இருந்தது, மனம் என்ற தலைப்புக்குள் போய்ச் சேர்ந்தது. பாலுறவில் திருப்தியா என்ற கேள்வி தப்பித்து நிற்கிறது. பல நாடுகளில் பதில் எழுதாமல் விடப்படுவதும் அதுவே.

பதில் கட்டங்களை அவர்கள் உருவாக்கிய முறைதான் மொழிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். இரண்டு ஓரமும் எளிது, ‘கொஞ்சம்கூட இல்லை’ மாதிரி ஒன்று, ‘ரொம்ப ரொம்ப’ மாதிரி ஒன்று. நடுவில் வரும் மூன்று சொற்களுக்கு என்ன செய்வது? பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அளவைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இது கோட்டில் எங்கே விழும் என்று சாதாரண ஆட்களைக் குறிக்கச் சொன்னார்கள். கால், அரை, முக்கால் தூரத்துக்குப் பக்கத்தில் எந்தச் சொல் விழுகிறதோ அதைக் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’, ‘சுமாராக’, ‘நிறைய’ என்று நாம் வாயில் போட்டுப் புரட்டுகிற சொற்கள் சென்டிமீட்டரில் நிற்கவைக்கப்படுகின்றன. இதைக் கேலி செய்வது சுலபம். மொழிக்கு மொழி ‘அரை’ என்பது ஒரே இடத்தில் இல்லை என்பதை இவர்களாவது ஒத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் தமிழில் உடம்பைப் பற்றிக் கேட்டால் வருகிற முதல் பதில் எதுவோ அதற்கு அந்தக் கோட்டில் இடம் கிடையாது. ‘பரவாயில்லை.’ ‘இப்பப் பரவாயில்லைங்க’ என்றால் நேற்றைக்கு இன்று தேவலாம். ‘ஏதோ பரவாயில்லை’ என்று இழுத்தால் தேவலாம் என்றே அர்த்தமில்லை, தாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். இன்னும் ஒரு ஊசி போடவா என்று கேட்கும்போது ‘பரவாயில்லீங்க’ என்றால் வேண்டாம், செலவு ஆகும். மருமகள் முன்னால் மாமியார் சொல்லும் பரவாயில்லையும், அவள் அந்தப் பக்கம் போன பிறகு சொல்லும் பரவாயில்லையும் வேறு வேறு. ‘நல்லா இருக்கேன்’ என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். தரும ஆஸ்பத்திரியில் குறை சொன்னால் அடுத்த தடவை பார்க்க மாட்டார்கள் என்று ‘ஒண்ணும் குறையில்லை’ என்பவர்கள் இன்னொரு பக்கம். இது அளவுச் சொல்லே அல்ல. எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துச் சொல்கிற சொல். கேள்வியாளர் அதை நடுக் கட்டத்தில் குறித்துக்கொள்வார், வேறு வழி அவருக்கும் இல்லை. சிங்கூரில் ஒரு பெண்கூடத் தொடாமல் விட்ட கட்டம் இதுதான் என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

பொதுப்பட்டியலோடு உள்ளூர்க் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள அந்தத் திட்டம் இடம் கொடுத்தது. தைவான்காரர்கள் இரண்டு சேர்த்தார்கள். மற்றவர்கள் உங்களை மதிக்கிறார்களா என்று ஒன்று, விரும்பியதைச் சாப்பிட முடிகிறதா என்று ஒன்று. நம் பக்கத்து நோயாளிகளைக் கேட்டால் என்ன சேர்ப்பார்கள்? வைத்தியத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு போகிறது என்பது நிச்சயம் இருக்கும். பணம் போதுமானதாக இருக்கிறதா என்று பட்டியலில் ஒரு கேள்வி இருக்கிறது; கடன் வேறு விஷயம், அது பணம் இல்லாமையைவிட நீளமானது. கூட ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார ஆள் இருக்கிறதா என்பது இருக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்தாரா என்பதைச் சேரியிலிருந்து வருகிறவர் சேர்க்கக்கூடும். இந்தச் சமூகத்தில் அந்தக் கேள்விக்கு எவ்வளவு பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை.

நோயாளியைக் கேள்வி சேர்க்க விட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 1994இல் யேல் மருத்துவர்கள் கில், ஃபைன்ஸ்டைன் இருவரும் வாழ்க்கைத்தரம் பற்றிய 75 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். வாழ்க்கைத்தரம் என்றால் என்ன என்று சொல்லிவிட்டு அளந்தவை 11. நோயாளியே மொத்தத்தில் தன் வாழ்க்கைத்தரத்தை மதிப்பிடும்படி விட்டவை 13. பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்க நோயாளிக்கு வாய்ப்புத் தந்தவை ஒன்பதே.

டப்ளினில் அறுவை மருத்துவர் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேறு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். கேள்வியே கிடையாது. உங்கள் வாழ்க்கையில் முக்கியமான ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றும் இப்போது எப்படி இருக்கிறது, ஒன்றுக்கொன்று எவ்வளவு முக்கியம் என்று நோயாளியையே எடை போடச் சொன்னார்கள். ஒருவர் பேரப்பிள்ளை என்பார், ஒருவர் கோயில் என்பார், ஒருவருக்கு உடல்நலம் ஐந்துக்குள்ளேயே வராது. கடுமையாக நோயுற்றவர்களும் இந்த முறையில் நல்ல மதிப்பு வாங்குவது உண்டு. ஆய்வாளர்கள் இதைப் பாராட்டுகிறார்கள். மருந்துச் சோதனைகளிலும் அரசுக் கணக்குகளிலும் இது அதிகம் புழங்குவதில்லை. ஒருவரின் ஐந்தும் இன்னொருவரின் ஐந்தும் ஒன்றல்ல. கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குவாலிக்கு இத்தனை பவுண்டு என்று விலை சொல்லவும் அதை வைத்துக்கொண்டு வழியில்லை.